பழைய பிளவு மூங்கில் தூண்டில் கோல்: அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் முறை

மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோண வெட்டுமுகம் கொண்ட ஆறு பத்தைகளாக இழைத்து, அவற்றை ஒட்டி அறுகோணக் கழியாக்கிய தூண்டில் கோல்களுக்கு இந்த வழிமுறை பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இந்த முறை உருப்பெற்றது. பிறகு அமெரிக்காவில் லியனர்ட், ஆர்விஸ் போன்ற பட்டறைகளும், இங்கிலாந்தின் அல்னிக் நகரில் ஹார்டி சகோதரர்களும் இதனை வளர்த்தெடுத்தனர். தொடக்கக் காலத்துக் கோல்கள் 'கல்கத்தா மூங்கில்' என்று அங்கு அழைக்கப்பட்ட நம் கல்மூங்கிலால் ஆனவை. பின்னர் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் விளையும் டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் ட்ரவுட் மீன் பிடித்தவர்களின் வீடுகளில் இத்தகைய கோல்கள் இன்றும் பரணில் கிடைக்கின்றன. நான் முதன்முதலில் பழுதுபார்த்ததும் அப்படி ஒரு பரணிலிருந்து இறங்கிய மூன்று துண்டுக் கோல்தான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மூங்கிலின் வலிமை அதன் தோலை ஒட்டிய அடர்ந்த நார்களில் இருக்கிறது. உட்புறச் சோறு ஏறத்தாழ நிரப்புப் பொருள் மட்டுமே. ஒரு கழியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுவதால், 2 மி.மீ. விட்டமுள்ள நுனியில் உப்புத்தாள் கொண்டு 0.1 மி.மீ. தேய்த்துவிட்டாலே விறைப்பில் ஏறத்தாழ 18 விழுக்காடு போய்விடுகிறது. தேய்ந்துபோவது மிகச் சிறந்த நார் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடவும் கூடுதல். ஆகவே கீழே எந்த இடத்திலும் மூங்கிலின் மேற்பரப்பைத் தேய்க்கும்படி நான் சொல்லப்போவதில்லை. அப்படித் தேய்க்கச் சொல்லும் எந்த அறிவுரையையும் ஏற்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

முதற்பார்வை

துண்டுகளை இணைக்காமல், ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கண்மட்டத்தில் பிடித்து, மெல்லச் சுழற்றியபடி அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். கோணல், கணுக்களில் எழும்பிய நார், பத்தைகளுக்கு இடையே கருத்த கோடு, தூண்டில் நூல் ஓடும் வளையங்களைக் கழியோடு பிணைக்கும் பட்டு நூல் கட்டில் பிசிறு ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நூல்வளையங்களின் இடைவெளியை அளந்து எழுதி, படமும் எடுத்து வையுங்கள். கட்டுகளை அவிழ்த்த பிறகு இந்த அளவுகளை வேறெங்கும் தேடிப் பெற முடியாது. அடித்துண்டில் மையால் எழுதப்பட்ட பெயரோ எண்ணோ இருந்தால் அந்தப் பகுதியைத் தொட வேண்டாம். புகழ்பெற்ற பட்டறையின் பெயர் அதில் தெரிந்தால், வார்னிஷைச் சுரண்டும் முன் விவரமறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அத்தகைய கோல்களில் பழைய மேற்பூச்சும் மதிப்பின் ஒரு பகுதி.

வேலையின் வரிசையும் முக்கியமானது. பத்தைகளின் ஒட்டு, பூண்கள், கோணல், வளையக் கட்டுகள், கடைசியாக வார்னிஷ் என்ற வரிசை மாறினால் செய்த வேலையை மீண்டும் பிரிக்க நேரிடும்.

அறிகுறி: கோலை அசைக்கும்போது 'டிக்' என்ற ஒலி

இது ஏறக்குறைய எப்போதும் துண்டுகளை இணைக்கும் உலோகப் பூணிலிருந்தே வருகிறது. ஆனால் அதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு, அவற்றுக்கான மருந்தும் வேறு வேறு. கோலை இணைத்து, பூணும் மூங்கிலும் சந்திக்கும் விளிம்பின் மேல் ஒரு விரல் நுனியை வைத்து, மற்றொருவரை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். அசைவு அந்த விளிம்பில் உணரப்பட்டால், பூணுக்கும் மூங்கிலுக்கும் இடையிலான பசை விட்டுப்போயிருக்கிறது. ஆண் பூண் பெண் பூணுக்குள் நுழையும் வாயில் உணரப்பட்டால், உலோகம் தேய்ந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் மூங்கிலே பூணின் விளிம்பில் வளைவதுபோல் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். உள்ளே மூங்கில் விரிசல் கண்டிருக்கலாம், அடுத்த வீச்சில் அங்கேயே ஒடியும்.

பசை விட்டிருந்தால் பூணைக் கழற்றி மறுபடியும் ஒட்ட வேண்டும். முதலில் பூணின் பக்கவாட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பழைய பூண்கள் பலவற்றில், மூங்கிலையும் உலோகத்தையும் ஊடுருவிச் செல்லும் மெல்லிய ஆணி ஒன்று இருக்கும். மெருகேற்றிய பரப்பில் அது ஊசிமுனை அளவுப் புள்ளியாகத் தெரியும். அதை நுண்ணிய தட்டாணியால் மறுபக்கமாகத் தட்டி வெளியேற்றாமல் பூணை இழுத்தால் மூங்கில் பிளந்துவிடும். பூணின் விளிம்பை மூடியிருக்கும் பட்டுக் கட்டை அவிழ்த்தபின், உலோகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கின் சுடரில் சுழற்றியபடி விரைவாகச் சூடாக்கி, தடித்த துணியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மெல்ல மெல்லச் சூடாக்குவதே பெரிய தவறு, ஏனெனில் உலோகம் தளர்வதற்குள் வெப்பம் மூங்கிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதல் முயற்சியில் வராவிட்டால் ஆறவிட்டு மீண்டும் சூடாக்குங்கள். எந்த நிலையிலும் திருக வேண்டாம். திருகும் விசை பத்தைகளின் ஒட்டைத்தான் முதலில் பிரிக்கும்.

கழன்ற பின், மூங்கிலின் மீதுள்ள பழைய பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். பூணின் உட்புறத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மூங்கில் சுருங்கியதால் பூண் தளர்வாக அமர்ந்தால், அந்த இடத்தில் மெல்லிய பட்டு நூலை ஒரு அடுக்கு சுற்றி, அதன் மேல் பசை தடவி அமர்த்தலாம். மெதுவாக இறுகும் இரு கலவை எப்பாக்ஸி இதற்கு ஏற்றது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், சரிபார்க்கவே நேரம் தராது. பெண் பூணின் அடியில் காற்று அடைபட்டால் பசை இறுகுமுன் பூண் மெல்ல வெளியே தள்ளப்படும். ஆகவே முழுவதும் அமர்ந்ததா என்று சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அழுத்திப் பாருங்கள். ஒரு துண்டின் அறுகோணப் பக்கங்கள் அடுத்த துண்டின் பக்கங்களோடு நேர்கோட்டில் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் அசையாமல் விடுங்கள்.

உலோகம் தேய்ந்திருந்தால் நிலைமை கடினமானது. பெண் பூணின் வாயை நசுக்கி இறுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வட்டத்தை முட்டை வடிவமாக்கி, இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பிடிப்பு உண்டாக்கும். சில நாள்களில் ஒலி மீண்டும் வரும், பூணும் கெட்டிருக்கும். ஆண் பூணில் தேன்மெழுகை மெல்லியதாகத் தடவினால் ஒரு நாள் பயன்பாட்டுக்குப் போதும். நிலையான தீர்வு, பெண் பூணின் உள்விட்டத்துக்குப் பொருந்தப் புதிய ஆண் பூணைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து பொருத்துவதே. பூண்களின் அளவு அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகச் சொல்லப்படும். 13ஆம் எண் பூண் என்றால் 13/64 அங்குலம், ஏறத்தாழ 5.16 மி.மீ. நல்ல கோல்களின் பூண் ஜெர்மன் சில்வராலும், மலிவானவற்றின் பூண் நிக்கல் முலாம் பூசிய பித்தளையாலும் ஆனது. முலாம் பூசியதைத் தேய்த்துப் பொருத்த முயன்றால் முலாம் உரிந்துவிடும்.

அறிகுறி: துண்டுகள் கழல மறுக்கின்றன

பரணிலிருந்து வந்த அந்தக் கோலின் மேல் பூண் இப்படித்தான் இறுகியிருந்தது. எனக்கு முன்னே யாரோ அதைத் திருகியிருந்தார்கள். பூணுக்குக் கீழே நான்கு விரற்கிடை தொலைவுக்குப் பத்தைகள் கயிறுபோல் முறுக்கேறிப் பிரிந்து நின்றதைக் கண்டபோது ஏற்பட்ட வருத்தம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதைச் சீராக்கப் பிடித்த காலம், மற்ற எல்லா வேலைகளுக்கும் சேர்த்துப் பிடித்த காலத்தைவிட அதிகம்.

ஆகவே பொறுமையோடு தொடங்குங்கள். பூணின் வாயில் ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டு, சில மணி நேரம் காத்திருங்கள். எண்ணெய் பட்டுக் கட்டுகளில் படாதபடி துடைத்துவிடுங்கள். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பெண் பூணின் மேல் மட்டும் சில விநாடிகள் சுற்றினால், வெளி உலோகம் சற்று விரிந்து பிடி தளரும். உடனே இரு துண்டுகளையும் பூணுக்கு நெருக்கமாகப் பிடித்து நேராக இழுங்கள். தனியாக இருந்தால், முழங்கால்களை மடக்கி, கோலை அவற்றின் பின்புறமாக வைத்து, பூணுக்கு இருபுறமும் முழங்கால்களுக்கு வெளியே கைகளால் பற்றி, கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு முழங்கால்களை விரிக்க வேண்டும். இழுவிசை கோணாமல் நேர்கோட்டில் செல்லும். ரப்பர் கையுறை பிடிக்கு உதவும். நூல்வளையங்களைப் பிடித்து இழுத்தால் அவற்றின் கால்கள் மூங்கிலைக் கீறும்.

கழன்றதும் இரு பூண்களையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுக்கு நீங்கத் துடையுங்கள். பஞ்சில் கருமை வருவது நின்ற பிறகும் இறுக்கமாக இருந்தால் மட்டுமே, ஆண் பூணை 2000 எண் உப்புத்தாளால் நான்கைந்து சுற்று தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

அறிகுறி: வளைக்கும்போது முனகல், பத்தைகளுக்கு இடையே கருங்கோடு

பத்தைகளின் ஒட்டு விட்டிருக்கிறது. உறுதி செய்துகொள்ள, கழியை நகத்தால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு விட்ட இடத்தில் ஒலி மந்தமாகும். இரு முனைகளையும் பிடித்து மிக இலேசாக வளைத்தபடி சுழற்றினால், அந்தப் பக்கம் மேலே வரும்போது ஒரு தளர்வு தெரியும்.

எந்தப் பசையால் ஒட்டப்பட்டது என்பதை அறிவது அடுத்த படி. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட கோல்களில் பெரும்பாலும் வச்சிரம், அதாவது நம் தச்சர்கள் பயன்படுத்திய அதே தோற்பசை, இருக்கும். பிரிந்த இடுக்கிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி வெந்நீரில் இட்டால், அது இளகிப் பிசுபிசுத்தால் வச்சிரம்தான். போருக்குப் பிற்பட்டவற்றில் செயற்கைப் பிசின்கள் வந்தன. கருஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் ரிசார்சினால் பசை. வச்சிரம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் இளகும் என்பதால், ஈரமான உறையோடு உலோகக் குழாயில் மூடி வைக்கப்பட்ட கோல்கள் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகின்றன.

ஈரம் இருந்தால் முதலில் நிழலில் பல நாள்கள் உலரவிடுங்கள். பிறகு மெல்லிய சவர அலகை இடுக்கில் நுழைத்து, தானாகத் திறக்கும் அளவுக்கு மட்டும் திறங்கள். ஒட்டியிருக்கும் பகுதியை நெம்பிப் பிரிக்க வேண்டாம். நீராக ஓடக்கூடிய, மெதுவாக இறுகும் எப்பாக்ஸியை ஊசிக்குழாயால் உள்ளே செலுத்தி, பல்லிடுக்கு நூலை இடுக்கில் இழுத்து இழுத்துப் பசையை ஆழம் வரை பரப்புங்கள். அடுத்து வலுவான பருத்தி நூலால் கழி முழுவதையும் ஒரு திசையில் சுருளாகச் சுற்றி, அதே இழுவிசையோடு எதிர்த்திசையிலும் சுற்றுங்கள். ஒரு திசையில் மட்டும் சுற்றினால் கழி முறுக்கேறிய நிலையிலேயே இறுகிவிடும். பிதுங்கிய பசையைத் துடைத்து, தட்டையான மேசையில் உருட்டி நேராக்கி, ஒரு நாள் தொங்கவிட்டபின் நூலை அவிழ்த்து, எஞ்சிய பசையை அலகால் சுரண்டுங்கள். அலகு மூங்கிலைத் தொடும் முன் நிறுத்துங்கள்.

கணுவில் ஒரு நார் மட்டும் எழும்பியிருந்தால் இத்தனை வேலை தேவையில்லை. நாரைப் பிய்க்காமல், அடியில் ஒரு துளி பசை விட்டு, நூலால் கட்டி அமர்த்தினால் போதும்.

அறிகுறி: கோல் கோணலாக நிற்கிறது

கோணலில் மூன்று வகை உண்டு. துண்டு முழுவதும் ஒரே சீராக வளைந்திருந்தால், அது சுவரில் சாய்த்து வைத்ததாலோ உறையின் நாடாவை இறுகக் கட்டியதாலோ மீனோடு நெடுநேரம் இழுபட்டதாலோ வந்தது. ஒரு கணுவில் மட்டும் முறிந்தாற்போல் திரும்பியிருந்தால், அது மூங்கிலின் பிறவிக் கோணல் மீண்டும் தலைதூக்கியது. ஓரிடத்தில் மட்டும் வளைவு குவிந்து, அங்கே தளர்வும் இருந்தால், ஒட்டு விட்டதன் விளைவு. மேலே சொன்ன சிகிச்சைக்குப் பிறகே இங்கு வர வேண்டும்.

நுனித்துண்டில் ஒரு விரற்கிடைக்குட்பட்ட சீரான வளைவை நான் தொடுவதில்லை. அது வீச்சைக் கெடுக்காது. பல கோல்கள் இரண்டு நுனித்துண்டுகளோடு விற்கப்பட்டதே, அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தத்தான். அதற்கு மேற்பட்ட கோணலை வெப்பத்தால் நிமிர்த்தலாம். வெப்பக்காற்றுத் துப்பாக்கியின் குறைந்த வெப்பத்தில், கோணலுள்ள 5 முதல் 8 செ.மீ. பகுதியை இடைவிடாமல் சுழற்றியபடி சூடாக்குங்கள். கையால் வளைத்துப் பார்க்கும்போது விறைப்பு இளகியதுபோல் ஒரு கணம் தோன்றும். அப்போது நேர்நிலையைச் சற்றே தாண்டி எதிர்ப்பக்கம் வளைத்து, முற்றிலும் ஆறும் வரை அசையாமல் பிடித்திருங்கள். ஆறுமுன் விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். வச்சிரத்தால் ஒட்டிய கோலில் இதே வெப்பம் ஒட்டையும் இளக்கும். சூடாக்கும் பகுதிக்கு இருபுறமும் நூலால் இறுகக் கட்டிக்கொண்டு, மிகக் குறைந்த வெப்பத்தோடு பலமுறையாகச் செய்ய வேண்டும். மேலும், மூங்கில் இளகும் வெப்பத்தில் பழைய வார்னிஷ் கொப்புளிக்கும். வார்னிஷைக் காப்பாற்ற விரும்பினால் கோணலோடு வாழப் பழகுவதே நல்லது.

அறிகுறி: நுனி ஒடிந்துவிட்டது

நுனியிலிருந்து ஓரிரு அங்குலம் மட்டும் போயிருந்தால், நுனி வளையத்தைக் கழற்றி, சற்றுப் பெரிய வளையத்தை ஒடிந்த முனையில் பொருத்துங்கள். கோல் சற்று விறைப்பாகும், ஆனால் பயன்படும். நடுவில் ஒடிந்திருந்தால், இரு முனைகளையும் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு நீளத்துக்குச் சாய்வாக இழைத்து ஒட்ட வேண்டும், 3 மி.மீ. கழிக்கு 60 மி.மீ. சாய்வு. நார்கள் பிளவுபட்டு நைந்த பகுதியை முழுவதும் நீக்கிய பிறகே சாய்வை அளவிடுங்கள். சாய்வின் நடுவே கணு வராமலிருப்பது நல்லது. ஒட்டு இறுகியபின் மெல்லிய வெள்ளைப் பட்டு நூலால் முழு நீளத்தையும் நெருக்கமாகச் சுற்றி வார்னிஷ் இட்டால், வெள்ளைப் பட்டு கண்ணாடிபோல் தெளிந்து, மூங்கிலின் நிறமே மேலே தெரியும்.

அறிகுறி: வளையக் கட்டுகள் பிசிறியிருக்கின்றன

பட்டு நூலையே வாங்குங்கள். பூவேலை நூல் என்று விற்கப்படும் பலவும் ரேயான். ஒரு துண்டை எரித்துப் பார்த்தால் பட்டு முடி கருகிய மணத்தோடு நொறுங்கும், ரேயான் தாள்போல எரியும். வளையத்தின் கால்கள் கூராக நின்றால் மெல்லிய அரத்தால் சரிவாக்கிவிடுங்கள். நூலின் தொடக்கத்தை அதன் மேலேயே நாலைந்து சுற்றுகள் சுற்றிப் பிணைத்து, கால் முழுவதும் மூடும் வரை இடைவெளியின்றிச் சுற்றி, முடிவதற்கு ஆறேழு சுற்றுகளுக்கு முன் தனி நூலால் ஒரு கண்ணியை வைத்து, இறுதி முனையை அந்தக் கண்ணியால் சுற்றுகளுக்கு அடியே இழுத்து வெட்டுங்கள். வார்னிஷ் பட்டதும் பட்டின் நிறம் ஆழ்ந்துவிடும் என்பதால், பழைய நிறத்தோடு பொருத்த முதலில் ஒரு வீண் குச்சியில் கட்டிப் பூசிப் பாருங்கள். நூல் உரசும் வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அந்தப் பள்ளம் புதிய தூண்டில் நூலையும் ஒரே நாளில் அறுக்கும்.

அறிகுறி: வார்னிஷ் ஒட்டுகிறது அல்லது வெடித்திருக்கிறது

பிசுபிசுப்புக்கு நான் கண்ட பொதுவான காரணம் கொசு விரட்டி. அதிலுள்ள டீட் என்ற பொருள் வார்னிஷை இளக்கும். கையில் தடவியவர் கோலைப் பிடித்தாலே போதும். பாதிப்பு மேலோட்டமாக இருந்தால், இலேசான சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு, மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். வெடித்து உரியும் வார்னிஷை, செங்குத்தாகப் பிடித்த அலகின் விளிம்பால் ஒவ்வொரு பக்கமாகச் சுரண்டலாம். உரிக்கும் ரசாயனக் களிம்பு கட்டுகளுக்கும் ஒட்டுக்கும் போய்விடக்கூடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். 1946க்குப் பிந்தைய ஆர்விஸ் கோல்கள் சில பிசின் ஊறவைத்த மூங்கிலால் ஆனவை. அவற்றின் மேல் வார்னிஷே இருக்காது, சுரண்டவும் வேண்டாம், பூசவும் வேண்டாம்.

படகுகளுக்குப் பூசும் ஸ்பார் வார்னிஷைச் சற்று நீர்க்கச் செய்து, மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் விட்டு, வார்னிஷை மட்டும் தொடும்படி 1500 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மென்மையாக ஓட்டுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு வெளிறிப் பனிபடர்ந்ததுபோல் நிற்கும்.

அறிகுறி: தக்கைப் பிடியில் குழிகள்

நன்கு கழுவி உலர்த்தி, தக்கைத் தூளையும் மரப்பசையையும் குழைத்து நிரப்பி, காய்ந்தபின் தேய்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதிலும் உப்புத்தாளைத் தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரே இடம் இதுதான்.

பழுது நீங்கிய பின்

கடைசிப் பூச்சு இறுக இரண்டு வாரம் விட்டு, முதலில் புல்வெளியில், இயல்பைவிட எடை குறைந்த நூலோடு வீசிப் பாருங்கள். பழைய கோல்களில் எச்.டி.எச். போன்ற எழுத்துகள் பட்டு நூலின் தடிமனைக் குறிப்பவை. அது இன்றைய கணக்கில் 5 அல்லது 6ஆம் எண் நூலுக்கு நெருங்கி வரும். பூண்களில் ஒலி இல்லை, ஒட்டிய இடத்தில் முனகல் இல்லை என்று உறுதியான பின் சரியான நூலுக்கு மாறலாம். வீட்டுக்கு வந்ததும் கோலைத் துடைத்து, உறை காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, நாடாவைத் தளர்வாகக் கட்டி, உலர்ந்த அறையில் ஆணியில் தொங்கவிடுங்கள்.